வாள் பிடித்த கையும் அளவுகோலும்

பல்லவப் பெருவேந்தனின் படைத்தலைவராய்ச் சென்று வாதாபி நகரை வென்று மீண்ட பரஞ்சோதியாரின் வரலாற்றைப் பெரியபுராணம் கூறுகின்றது. வெற்றியோடு திரும்பிய தலைவரின் அடியார் பண்பை அறிந்த அரசன், அவரைப் போர்த்தொழிலினின்றும் விடுவித்து, நிறைந்த பொருளும் கொடுத்து அனுப்பினான். திருச்செங்காட்டங்குடிக்கு மீண்ட அவர் அடியார் தொண்டிலே நின்று, சிறுத்தொண்டர் என்னும் பெயர் பெற்றார். யானைப்படையையும் குதிரைப்படையையும் ஏவிப் பழகியவர், அடியார் முன்னிலையில் தம்மைச் சிறியராக்கிக்கொண்டார் என்பதே அப்பெயரின் உட்பொருள்.

படைக்கலம் ஏந்திய கை பின்பு எதனை ஏந்தும் என்ற வினா எல்லா நாட்டுக்கும் உரியது. போர் முடிந்ததும் வீரனுக்கு நாடு பாராட்டுரை வழங்குகின்றது. சில வேளைகளில் நிலமும் பொருளும் வழங்குகின்றது. ஆயினும் அதற்குப் பின்னர் நாற்பது ஆண்டு வாழ வேண்டியவன் அவன். பாசறையிற் பெற்ற பழக்கங்களுள் எவை அவ்வாழ்வுக்குத் துணையாகும்? துணிவும் கட்டுப்பாடுமே துணையாகும் என்பது பொதுவான விடை. அவை வேண்டியனவே. ஆனால், படைத்துறையிலிருந்து வந்து வேறு துறைகளிற் பெயர் நிறுத்தியவர்களின் வாழ்வை உற்று நோக்கினால், மற்றொரு பண்பு முன்னே நிற்பதைக் காணலாம். கட்டளையிட்டுப் பழகிய பின்னரும் மாணாக்கனாய் அமரும் மனமே அப்பண்பு.

தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் பணியாற்றிய மூவரின் வாழ்வு இதற்குத் தக்க சான்றாகும். ஒருவர் சுவடிகளைத் தேடியவர். ஒருவர் நிலத்தை அளந்தவர். ஒருவர் தெருக்களைச் சமைத்தவர். மூவரும் அந்நிய ஆட்சியின் படையாளராக இந்நாடுகளுக்கு வந்தவர்கள். படைப்பட்டம் அவர்கள் பெயரோடு ஒட்டியே நின்றது. ஆயினும் அவர்கள் வென்ற போர்களை இன்று நினைப்பார் சிலர். செய்த ஆக்கப் பணிகளாலேயே அவர்கள் பெயர் நிலைத்தது.

முதலாமவர் கொலின் மக்கென்சி. ஸ்கொத்லாந்தின் வடமேற்கே உள்ள லூயிஸ் தீவிற் பிறந்தவர். சுங்கப் பகுதியில் வேலை பார்த்துவந்த அவர், 1783ஆம் ஆண்டில், ஏறத்தாழ முப்பது வயதில், கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையிற் சேர்ந்தார். அடுத்த பதின்மூன்று ஆண்டுகளும் முற்றுகைகளிலும் படையெடுப்புகளிலும் கழிந்தன. 1793ஆம் ஆண்டிற் புதுச்சேரி முற்றுகையில் அவர் இருந்தார். 1796ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில் ஒல்லாந்தர் கொழும்புக் கோட்டையை ஆங்கிலேயரிடம் ஒப்படைத்தனர். அந்தப் படையெடுப்பிலே பொறியியற் பகுதிக்குத் தலைமை வகித்தவரும் மக்கென்சியே.

இலங்கையிலிருந்து திரும்பிய பின்னரே அவர் வாழ்வு திசை மாறிற்று. அதனை அவரே பிற்காலத்தில் ஒரு கடிதத்தில் விளக்கியுள்ளார். 1817ஆம் ஆண்டில் எழுதப்பட்ட அக்கடிதம், இலங்கையின் பிரதம நீதியரசராயிருந்த சேர் அலெக்சாந்தர் ஜோன்ஸ்டனுக்கு விடுக்கப்பட்டது. இந்தியாவில் முதற் பதின்மூன்று ஆண்டுகளும் அறிவு தேடும் முயற்சிக்குப் பெரிதும் பயன்படாமற் போயின என்று அதில் அவர் வருந்துகின்றார். இலங்கைப் படையெடுப்பின் பின் தற்செயலாக ஏற்பட்ட ஒரு நட்பே தமக்கு இந்திய அறிவின் வாயிலைத் திறந்தது என்றும் கூறுகின்றார். அந்த நண்பர் காவலி வேங்கட போரையா என்னும் இளைஞர், தெலுங்கு நாட்டு அந்தணர், பன்மொழி வல்லவர். நாற்பது வயதைக் கடந்த படையதிகாரி, இருபது வயது நிரம்பிய இளைஞரிடம் கேட்டுத் தெளியும் நிலையை ஏற்றார். இந்நாட்டு மொழிகளில் தமக்குப் புலமையில்லை என்பதையும் மக்கென்சி மறைத்தாரல்லர். அக்குறையை உணர்ந்தமையாலேயே மொழி அறிந்தாரைத் தேடித் தம்முடன் வைத்துக்கொண்டார்.

1799ஆம் ஆண்டில் சீரங்கப்பட்டணம் வீழ்ந்து திப்பு சுல்தான் மடிந்தபின், மைசூர் நாட்டை அளக்கும் பணி மக்கென்சியிடம் ஒப்படைக்கப்பட்டது. ஏறத்தாழ 40,000 சதுர மைல் பரப்பை அவரும் உதவியாளரும் பத்தாண்டுக் காலம் அளந்தனர். நிலத்தின் எல்லையும் ஆற்றின் போக்கும் குறித்தாற் போதும் என்பதே அரசினரின் கருத்து. மக்கென்சியோ ஊர் வரலாறு, கோயில் வரலாறு, குடிகளின் வழக்கம், பழைய சாசனம் ஆகிய அனைத்தையும் சேர்த்துத் திரட்டினார். போரையா 1803ஆம் ஆண்டில் இளவயதிலேயே இறந்தார். அவர் தம்பி இலட்சுமையா அவ்விடத்தை நிரப்பினார். தருமையா என்னும் சமண அறிஞரும், வேறு பல மொழிபெயர்ப்பாளரும் எழுத்தாளரும் ஊரூராய்ச் சென்று சுவடி தேடினர், கல்வெட்டுகளைப் படியெடுத்தனர், முதியோர் சொல்லக் கேட்டு எழுதினர்.

1815ஆம் ஆண்டில் மக்கென்சி இந்தியாவின் முதலாவது தலைமை நில அளவையாளராக நியமிக்கப்பெற்றார். 1821ஆம் ஆண்டில் இறந்தார். அவர் விட்டுச் சென்ற தொகுதியில் 1,500க்கு மேற்பட்ட சுவடிகளும், 8,000க்கு மேற்பட்ட கல்வெட்டுப் படிகளும், 6,000க்கு மேற்பட்ட நாணயங்களும் இருந்தன. கம்பெனியார் 10,000 பவுண் கொடுத்து அதனை அவர் மனைவியாரிடமிருந்து வாங்கினர். அத்தொகுதியின் ஒரு பகுதி இன்று சென்னையில் அரசினர் கீழ்த்திசைச் சுவடி நிலையத்தில் இருக்கின்றது. பின்வந்த எத்துணையோ ஆராய்ச்சியாளர் அதனைத் துருவிப் பயன் கொண்டனர்.

இவ்விடத்திற் குறிக்கத்தக்க செய்தி ஒன்றுண்டு. மக்கென்சிக்குப் பின் அப்பணியைத் தொடர்ந்து நடத்த இலட்சுமையா விரும்பி விண்ணப்பித்தார். இருபதாண்டுக்கு மேற்பட்ட பயிற்சி அவருக்கு இருந்தது. ஆயினும் அத்தகைய பணிக்குத் தலைமை தாங்கும் தகுதி இந்நாட்டவருக்கு இல்லை என்ற எண்ணத்தால் அவர் வேண்டுகோள் மறுக்கப்பட்டது. ஆசிரியராய் நின்றவருக்கு மாணாக்கனின் இருக்கை கிடைக்கவில்லை. மக்கென்சியின் பெருமையைப் பேசுவோர் இதனையும் சேர்த்தே பேசுதல் வேண்டும்.

இரண்டாமவர் வில்லியம் லாம்டன். இங்கிலாந்தின் யோக்சயர்ப் பகுதியில் எளிய குடும்பத்திற் பிறந்தவர். 33ஆவது படைப்பிரிவிற் சேர்ந்து அமெரிக்கப் போருக்குச் சென்றார். 1781ஆம் ஆண்டில் யோக்டவுன் என்னுமிடத்தில் ஆங்கிலப் படை சரணடைந்தபோது சிறைப்பட்டோருள் அவரும் ஒருவர். போர் முடிந்தபின் கனடாவின் நியூ பிரன்ஸ்விக் பகுதியிலே படைவீட்டு மேற்பார்வையாளர் பதவி கிடைத்தது. ஏறத்தாழ பதின்மூன்று ஆண்டுகள் அங்கே கழிந்தன. உடன் பணியாற்றியோர் பதவி உயர்வு பெற்றுச் செல்ல, அவர் அங்கேயே இருந்தார். பிறர் வீண்காலம் என்று கருதக்கூடிய அவ்வாண்டுகளில் அவர் கணித நூல்களையும் வானநூலையும் தாமே கற்றார். சூரிய கிரகணம் ஒன்றை நோக்கியபோது ஒரு கண்ணின் ஒளியும் கெட்டது. நாற்பது வயதுக்கு மேல், ஒரு கண்ணின் துணையோடு, அவர் இந்தியாவுக்கு வந்து சேர்ந்தார்.

சீரங்கப்பட்டணத்துப் போரின்போது நடந்த நிகழ்ச்சியொன்று அவர் கல்வியின் பயனைக் காட்டும். சேனாதிபதி பெயாட்டின் தலைமையில் ஒரு படைப்பிரிவு இரவிலே சென்றுகொண்டிருந்தது. வடக்கு நோக்கிச் செல்வதாகவே யாவரும் எண்ணினர். வானத்து விண்மீன்களை நோக்கிய லாம்டன், படை தெற்கே, திப்புவின் பாசறையை நோக்கிச் செல்கின்றது என்று சொன்னார். சேனாதிபதி நம்பவில்லை. பின்னர் விளக்கொளியிலே திசைகாட்டியை எடுத்துப் பார்த்தபோது லாம்டன் கூறியதே சரியெனத் தெரிந்தது. ஒரு நூலறிவு ஒரு படையையே காத்தது.

போர் முடிந்ததும் அவர் ஒரு திட்டத்தை முன்வைத்தார். தென்னாட்டின் மேற்குக் கரையிலிருந்து கிழக்குக் கரை வரையும், பின்னர்த் தெற்கும் வடக்குமாகவும், முக்கோணங்களை ஒன்றோடொன்று தொடுத்து நிலத்தை அளப்பதே அத்திட்டம். ஒரு முக்கோணத்தின் ஒரு பக்கத்தையும் இரு கோணங்களையும் திருத்தமாக அறிந்தால் ஏனைய பக்கங்களைக் கணக்கினாலே பெறலாம். ஆகவே, முதற் பக்கத்தை மட்டும் தரையிலே சங்கிலி வைத்து அளந்தாற் போதும். மற்றவற்றை மலையுச்சியிலும் கோபுரத்திலும் நின்று கோணம் பார்த்தே அளந்து செல்லலாம். பூமியின் வடிவத்தைத் திருத்தமாக அறியவும் அது வழியாகும். இதன் பயனை அறியாதாரும் இருந்தனர். சீரங்கப்பட்டணத்துக்குப் போக விரும்புவோர் பல்லக்குத் தூக்குவாரிடம் சொன்னாற் போதுமே, அதற்கு இத்துணைப் பொருட் செலவில் ஒரு படம் எதற்கு என்று சென்னையில் நிதி அதிகாரி ஒருவர் கேட்டாராம்.

1802ஆம் ஆண்டு ஏப்ரில் 10ஆம் நாள், சென்னையை அடுத்த பரங்கிமலையருகே அடிக்கோட்டை அளக்கும் வேலை தொடங்கிற்று. நூறடி நீளமுள்ள உருக்குச் சங்கிலியால், வெயிலினால் அது நீளும் அளவையும் கணக்கிட்டு, ஏழரை மைல் அளந்தனர். கோணம் அளக்கும் பெரிய தியொடலைற்றுக் கருவி இங்கிலாந்திலிருந்து வரும் வழியிலே பிரெஞ்சுக்காரர் கையில் அகப்பட்டு, மொரீசியசுத் தீவிற்குக் கொண்டு செல்லப்பட்டது. அது அறிவியற் கருவியென அறிந்த பிரெஞ்சுத் தேசாதிபதி பகை பாராட்டாது சென்னைக்கு அனுப்பிவைத்தார். ஏறத்தாழ அரைத் தொன் நிறையுள்ள அக்கருவியை ஆட்கள் மலைதோறும் சுமந்து ஏறினர்.

1808ஆம் ஆண்டில் அக்கருவியைத் தஞ்சைப் பெருங்கோயில் விமானத்தின் மேலே ஏற்றும்போது கயிறு அறுந்தது. கருவி சுவரில் மோதிச் சிதைந்தது. இங்கிலாந்திலிருந்து வேறொன்று வரவேண்டுமாயின் ஆண்டுகள் கழியும். லாம்டன் எவரையும் பழித்துப் பொழுது போக்கவில்லை. கூடாரத்தினுள்ளே புகுந்து, வளைந்த வட்டத்தைச் சிறிது சிறிதாக நிமிர்த்தி, ஆறு வாரத்திற் கருவியைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்தார். பிறகு கன்னியாகுமரி வரை முக்கோணங்கள் சென்றன. 1818ஆம் ஆண்டில் அப்பணி இந்தியப் பெரு முக்கோண அளவை என்னும் பெயர் பெற்றது. 1823ஆம் ஆண்டு சனவரியில், எழுபது வயதளவில், மத்திய இந்தியாவில் இங்கன்காட் என்னுமிடத்திலே பணிக்களத்திலேயே லாம்டன் உயிர் நீத்தார். அவர் தொடங்கிய முக்கோணத் தொடரே பின்னர் இமயத்தை எட்டிற்று. வங்காளக் கணித அறிஞர் இராதாநாத சிக்தார் அவ்வளவைகளிலிருந்து கணித்தபோதே உலகின் மிக உயர்ந்த சிகரம் எதுவெனத் தெரிந்தது. அச்சிகரம் லாம்டனின் பின்வந்த எவரெஸ்டின் பெயரைப் பெற்றது. லாம்டனின் பெயரையோ சிக்தாரின் பெயரையோ அது பெறவில்லை.

மூன்றாமவரின் பணி இலங்கைக்கே உரியது. தோமஸ் ஸ்கின்னர் 1804ஆம் ஆண்டில், வட அமெரிக்காவின் நியூபவுண்லாந்துத் தீவிற் பிறந்தவர். தந்தையார் பீரங்கிப் படையதிகாரி, திருகோணமலையிற் பணியாற்றினார். தந்தையாரிடம் வந்து சேர்ந்த சிறுவன், பதினைந்து வயதிலேயே இலங்கைப் படையில் இளநிலை அதிகாரியானான். பள்ளிப் படிப்பு அத்தோடு முடிந்தது.

அக்காலத்து இலங்கையின் நிலையை நினைத்துப் பார்த்தல் வேண்டும். 1815ஆம் ஆண்டிற் கண்டியரசு ஆங்கிலேயர் வசமாயிற்று. 1817ஆம், 1818ஆம் ஆண்டுகளில் மலைநாட்டிற் பெருங் கிளர்ச்சி எழுந்து, கொடுமையாக அடக்கப்பட்டது. கொழும்பிலிருந்து கண்டிக்குச் சக்கரம் உருளக்கூடிய பாதை இல்லை. தெருவின்றிக் கண்டியை ஆளமுடியாது என்று கருதிய சேர் எட்வேட் பாண்ஸ் 1820ஆம் ஆண்டில் ஆட்சிப் பொறுப்பை ஏற்றதும் தெரு வேலையைத் தொடங்கினார். மலையைத் துளைத்து வழி செய்பவரே கண்டியைக் கைக்கொள்வர் என்றொரு பழைய வாய்மொழி மலைநாட்டில் வழங்கியதாகச் சொல்வர். அவ்வழியே இது.

அவ்வேலையின் ஒரு பகுதி ஸ்கின்னரிடம் ஒப்படைக்கப்பட்டபோது அவருக்கு வயது பதினாறு. தெரு எவ்வாறு அமைக்கப்படும் என்பதை அவர் கண்டதுமில்லை. அயற் கிராமங்களிலிருந்து அழைக்கப்பட்ட இருநூறு பேரளவினரும் அவ்வேலை அறியாதவர்களே. அறியாதார் இருதிறத்தாரும் ஒன்றுகூடி, காட்டை வெட்டி, பாறையை உடைத்து, நீர் வழியும் இடங்களுக்கு வடிகால் அமைத்து, பிழை செய்து பிழை திருத்தி வேலையைக் கற்றனர். கடுகண்ணாவைக் கணவாய் வழியே ஏறிய கண்டித் தெரு இவ்வாறே உருவாயிற்று. அத்தெருவேலையின் தலைமைப் பொறியியலாளர் டோசன் என்பாரின் நினைவாக எழுப்பப்பட்ட உயர்ந்த தூண் இன்றும் கடுகண்ணாவையில் நிற்கின்றது.

1833ஆம் ஆண்டளவில் மலைநாட்டின் படமொன்றை வரையும் வேலை ஸ்கின்னருக்குக் கிடைத்தது. அப்போதும் அவருக்கு அத்துறைக் கல்வி இல்லை. லாம்டன் சுமந்து திரிந்த அதே வகையான தியொடலைற்றுக் கருவியைத் தாமே கையாண்டு பழகி, காடு மூடிய மலையுச்சிகளிற் பல நாள் தங்கி அளவைகளை எடுத்தார். பல்லாண்டுக்குப் பின், 1862ஆம் ஆண்டில், சேனாதிபதி பிரேசரின் பெயரால் வெளிவந்த இலங்கைப் பெரும்படத்திலே அவர் அளவைகளும் சேர்ந்தன.

காட்டு வாழ்க்கை அவருக்குக் கூர்மையான பார்வையை அளித்தது. யானைகளைச் சுட்டு வீழ்த்துதலை ஆங்கில அதிகாரிகள் பெருமையெனக் கருதிய காலம் அது. நுவரகலாவியாவின் குளக்கரை ஒன்றில், கோடைக்கால நிலவொளியில், யானைக்கூட்டம் நீர் குடிக்க வருவதை ஸ்கின்னர் மறைந்திருந்து நோக்கினார். பெரிய யானையொன்று முதலில் தனியே வெளிவந்து நின்று செவிமடுத்ததும், மீண்டு சென்று ஐந்து யானைகளைக் கொணர்ந்து காவலாக நிறுத்தியதும், அதன்பின்னரே எண்பதுக்குக் குறையாத கூட்டத்தை அழைத்துவந்ததும் அவர் விரித்துரைத்த செய்திகள். அரசாங்கச் செயலாளராயிருந்த எமர்சன் தெனந்து அதனைத் தம் நூலிலே சேர்த்துக்கொண்டார். படையணியின் ஒழுங்கை விலங்குக் கூட்டத்திலும் கண்டு வியந்தவரின் பார்வை அது.

1841ஆம் ஆண்டில் ஸ்கின்னர் தெருக்களின் ஆணையாளரானார். ‘பயோனியர்’ என வழங்கிய தெருவேலைப் படையணியைச் சீர்திருத்தி நடத்தினார். அடுத்த கால் நூற்றாண்டில் மலைநாட்டுக் கோப்பித் தோட்டங்களுக்கும், வடக்கே அனுராதபுரத்துக்கும் யாழ்ப்பாணத்துக்கும், கிழக்கே திருகோணமலைக்கும் தெருக்கள் நீண்டன. ஆட்சித்துறையின் உயர்ந்த பதவிகளிலும் அவர் அமர்ந்தார். 1867ஆம் ஆண்டிற் புகையிரதம் கண்டியை அடைந்தது. அவ்வாண்டிலேயே ஸ்கின்னர் ஓய்வு பெற்றார். அவர் வந்த காலத்தில் நல்ல தெரு என்று சொல்ல ஒன்றுமில்லாத நாட்டில், அவர் நீங்கியபோது ஏறத்தாழ 3,000 மைல் நீளத் தெருக்கள் இருந்தன. இலங்கையில் ஐம்பதாண்டு என்னும் பொருள்படும் அவரது வாழ்க்கை வரலாறு, அவர் இறந்து பதினான்கு ஆண்டுகளுக்குப் பின், 1891ஆம் ஆண்டில் அவர் மகளாரால் வெளியிடப்பட்டது.

ஆயினும், அந்த 3,000 மைலையும் ஒருவர் சமைத்தாரல்லர். யார் சமைத்தனர்? முதற் பத்தாண்டில், கண்டிய மன்னர்காலத்து இராசகாரிய முறையைக் கொண்டே ஆங்கில அரசினர் குடிகளைக் கூலியின்றி வேலை வாங்கினர். மன்னனுக்குக் கடன் என்று குளங்கட்டியும் வாய்க்கால் வெட்டியும் பழகிய மக்கள், தம்மை வென்றவரின் படைகள் ஏறிவரப் பாதை வெட்டினர். 1832ஆம் ஆண்டில் இராசகாரியம் ஒழிக்கப்பட்டது. அதன்பின் கூலிக்கு ஆள் வேண்டியிருந்தது. தெருவேலைப் படையணிக்குத் தென்னிந்தியாவிலிருந்து தமிழர் சேர்க்கப்பட்டனர். கோப்பித் தோட்டங்களுக்கும் ஆயிரக்கணக்கானோர் வந்தனர். மன்னார்க் கரையில் இறங்கி, நீரற்ற காட்டின் வழியே மாத்தளை நோக்கி நடந்தவர்களுட் பலர் காய்ச்சலினாலும் வாந்திபேதியினாலும் வழியிலேயே மாண்டனர். அவர்கள் பெயரைத் தாங்கிய தூண் எதுவும் கடுகண்ணாவையில் இல்லை.

1848ஆம் ஆண்டில் அரசினர் புதியதொரு சட்டம் இயற்றினர். பதினெட்டு வயதுக்கும் ஐம்பத்தைந்து வயதுக்கும் இடைப்பட்ட ஆடவர் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஆறு நாள் தெருவேலை செய்தல் வேண்டும். அன்றேல் மூன்று சிலிங் கட்டுதல் வேண்டும். ஒழிந்துபோன இராசகாரியமே வேறு பெயரில் மீண்டதென்று மக்கள் கருதினர். வேறு வரிகளும் சேர்ந்தன. மாத்தளையிலும் குருநாகலிலும் கிளர்ச்சி மூண்டது. இராணுவச் சட்டத்தின் கீழே பலர் சுடப்பட்டனர். பின்னர் பிரித்தானியப் பாராளுமன்றம் விசாரணைக் குழு அமைத்தது. தேசாதிபதி தொரிங்டன் பதவியை விட்டு நீங்க நேர்ந்தது.

அந்த விசாரணைக் காலத்திலேதான் ஸ்கின்னரின் மற்றொரு பக்கம் வெளிப்பட்டது. அரசின் பெரும் பதவியிலிருந்தும், அரசின் போக்கு எங்கே பிழைத்தது என்று அவர் எழுதிக்கொடுத்தார். கண்டியத் தலைவர்களின் மதிப்பைக் குலைத்தமையும், வருமானத்துக்காகச் சாராயக் குத்தகையைப் பெருக்கிக் குடிப்பழக்கம் அறியாத கிராமங்களிலும் கடை திறந்தமையும் மக்களைக் கெடுத்தன என்று அவர் எடுத்துக்காட்டினார். தாம் அமைத்த தெருவழியே நன்மையோடு தீமையும் ஏறியதை அவர் கண்டார்; கண்டதைச் சொன்னார். மேலிடத்தின் கட்டளையை வினவாது ஏற்பது படையின் முறை. கண்ட உண்மையை மேலிடத்துக்கு எடுத்துரைப்பது குடியியல் வாழ்வின் முறை. பதினைந்து வயதிற் சீருடை அணிந்தவர் அவ்விரண்டாவது முறையையும் கற்றிருந்தார்.

மூவரின் வாழ்வும் காட்டுவது யாது? படைத்துறை அவர்களுக்கு உடலுறுதியைத் தந்தது. வெயிலிலும் மழையிலும் காய்ச்சலிலும் வேலையை விடாத பிடிவாதத்தைத் தந்தது. பலரை ஒரு வேலையில் ஒன்றுசேர்க்கும் ஆற்றலைத் தந்தது. அவர்களோடு படையிலிருந்த நூற்றுக்கணக்கான அதிகாரிகளுக்கும் இவை கிடைத்தனவே. ஏனையோர் பெயர் மறைந்தது. இம்மூவர் பெயர் நின்றது. போரையாவின் முன் மக்கென்சியும், கணித நூலின் முன் லாம்டனும், பாறையின் முன் ஸ்கின்னரும் தாம் அறியாததை அறியோம் என்று ஒப்புக்கொண்டு தொடங்கினர். அங்கிருந்தே அவர்களுடைய இரண்டாவது வாழ்வு பிறந்தது.

இவர்களுக்கு இருந்த வாய்ப்பு எல்லா வீரருக்கும் இருந்ததில்லை என்பதையும் மறத்தலாகாது. ஸ்கின்னர் சேர்ந்த இலங்கைப் படையிலே மலாயரும் ஆபிரிக்கரும் இருந்தனர். தெருவேலையிலும் அவர்கள் உழைத்தனர். 1873ஆம் ஆண்டில் அப்படை கலைக்கப்பட்டது. அதிகாரிகளுக்கு வேறு பதவிகள் இருந்தன. சாதாரண வீரனுக்கு இருந்தவை அவன் கைகளே. மலாய் வீரருட் பலர் பொலிசுப் படையிற் சேர்ந்தனர். சிலர் தோட்டங்களில் வேலை தேடினர். ஆபிரிக்க வீரரின் வழித்தோன்றல்கள் புத்தளப் பகுதியில் இன்றும் வாழ்கின்றனர். தம் முன்னோரின் பாட்டையும் தாளத்தையும் காத்து வருகின்றனர். நூல் எழுதவும் நினைவுத்தூண் பெறவும் இயலாதிருந்த அவர்களும் போரினின்று மீண்டு வாழ்வு அமைத்தவர்களே. புதிய ஊரிலே புதிய தொழிலைக் கற்று, பிள்ளைகளை வளர்த்து, இந்நாட்டு மக்களோடு மக்களாயினர்.

போரினின்று மீளும் வீரனுக்கு நாடு கொடுக்கக்கூடிய மிகச் சிறந்த பரிசு, மீண்டும் கற்பதற்கு ஓர் இடமே. அதிகாரிக்குக் கிடைத்த அவ்விடம் அடிநிலை வீரனுக்கும் கிடைக்குமாயின், எத்துணைச் சுவடிகள் திரட்டப்படும், எத்துணை நிலம் அளக்கப்படும், எத்துணைத் தெருக்கள் நீளும் என்று எண்ணிப்பார்த்தல் தகும். கண்டித் தெருவில் ஏறுவோர் டோசனின் தூணை நிமிர்ந்து பார்க்கின்றனர். அதன் அடியில் உள்ள பாறையை உளியால் உடைத்த கைகளையும் ஒரு கணம் நினைப்பாராயின், வரலாறு நிறைவுபெறும்.